புதுச்சேரியில் ஆறு ஞாயிறு: இஸ்ரேல்–பாலஸ்தீன வகுப்பு எப்படி இருந்தது?

போன ஞாயிற்றோடு வகுப்பு முடிந்துவிட்டது. சேரலாமா, வேண்டாமா என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் விவரம். இஸ்ரேலியருக்கும் பாலஸ்தீனியருக்கும் இடையில் ஒரு நியாயமான சமாதானம் வருவதற்கு இதுவரை என்னென்ன முயற்சி நடந்தது, ஏன் ஒன்றும் நிலைக்கவில்லை என்பதுதான் பாடம். தமிழில் ஆறு வகுப்பு, ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறரை வரை. கட்டணம் 900 ரூபாய், மாணவர்களுக்கு 300. டீ, பிஸ்கட், அச்சடித்த குறிப்புகள் எல்லாம் அதற்குள் அடக்கம். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, பழைய தமிழ் வீடு ஒன்றின் மாடி. போர்டு கிடையாது, பெயரும் வைக்கவில்லை. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவரும் அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரும் நடத்துகிறார்கள், ஒருவர் சொல்லி ஒருவர் என்றுதான் ஆள் சேர்கிறது. எங்கள் குழுவில் பத்தொன்பது பேர் இருந்தோம்.

நான் கடலூரில் பத்திர எழுத்தர். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் நிலத்துக்கு எல்லை எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. 2023 அக்டோபருக்குப் பிறகு தினமும் ராத்திரி போனில் காசா படங்களைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்டது, யாரிடமாவது பேசப் போனால் ஐந்தாவது நிமிடம் சண்டையில் முடிந்தது, என் மைத்துனரோடு ஆறு மாதம் பேச்சே நின்றுபோனது. இது எப்படித்தான் தீரும் என்று யாராவது ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து சொல்ல மாட்டார்களா என்ற ஏக்கத்தில்தான் பணம் கட்டினேன்.

கடலூரிலிருந்து வருகிறவர்களுக்கு வழி தெரிந்ததுதான். ஆல்பேட்டை சோதனைச் சாவடி, பெண்ணையாற்றுப் பாலம், முள்ளோடை, கன்னியகோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம். பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே ஒரு மாநிலத்தை விட்டு இன்னொன்றுக்குள் போய்விடுவோம். முதல் வகுப்பில் சார் கரும்பலகையில் முதலில் எழுதியது இரண்டு எண்கள். புதுச்சேரிப் பகுதி 294 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பில் ஒன்பதரை லட்சம் பேர். காசா 365 சதுர கிலோமீட்டர், இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். காசாவின் நீளம் சுமார் 41 கிலோமீட்டர், ஏறக்குறைய நான் ஒரு ஞாயிறு போய்த் திரும்பும் தூரம். அன்று திரும்பி வரும்போது நான் பஸ்ஸில் தூங்கவில்லை. இந்தத் தூரம் முழுக்க வேலி, ஒரு பக்கம் கடல், அந்தக் கடலிலும் இவ்வளவு தூரத்துக்கு மேல் படகு போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்தேன். தேவனாம்பட்டினத்து மீனவரிடம் போய் அப்படி ஒரு கோட்டைச் சொன்னால் என்ன ஆகும்?

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்த மாட்டார். யார் என்ன கேட்டாலும் "சரி, அந்த வருடத்து ஆவணத்தைப் பார்ப்போம்" என்பார். முதல் இரண்டு வகுப்பும் 1947, 1948, 1949 ஆகிய மூன்று வருடங்களுக்கே போனது. எனக்கு அது நீளமாகத் தெரியவில்லை, தாய்ப்பத்திரத்தைப் படிக்காமல் வில்லங்கம் பேசக் கூடாது என்பது என் தொழில் சொல்லிக் கொடுத்த பாடம். 1947 நவம்பர் 29-ல் ஐ.நா. பொதுச்சபை, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கும் 181-வது தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 33, எதிர்ப்பு 13, நடுநிலை 10. எதிர்த்தவர்களில் இந்தியாவும் உண்டு. பிரிக்காமல் ஒரே கூட்டாட்சி நாடாக வைக்கலாம் என்பது நம் பக்கத்து யோசனை. நமக்கே பிரிவினை ரத்தம் காயாத நேரம் அது. மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கு இருந்த யூதர்களுக்கு நிலத்தில் பாதிக்கும் மேல், ஏறக்குறைய 55 சதவீதம் ஒதுக்கப்பட்டது. யூதத் தலைமை ஏற்றது, அரபுத் தலைமை மறுத்தது, போர் வந்தது. போர் முடிந்தபோது இஸ்ரேல் கையில் 78 சதவீதம், சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனியர் வீட்டை விட்டு வெளியே. அவர்கள் அதை நக்பா, பேரழிவு என்கிறார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு போன சாவியைப் பேரப்பிள்ளைகள் காலம் வரை வைத்திருக்கிறார்கள்.

அதே வகுப்பில், அதே அளவு நேரம் எடுத்து, அறுபது லட்சம் யூதர்கள் ஐரோப்பாவில் கொல்லப்பட்டதைச் சொன்னார். 1939-ல் செயின்ட் லூயிஸ் என்ற கப்பலில் தப்பி வந்த தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட யூத அகதிகளைக் கியூபாவும் அமெரிக்காவும் கனடாவும் இறங்க விடாமல் திருப்பி அனுப்பியதைச் சொன்னார். 1948-க்குப் பிறகு பாக்தாத், கெய்ரோ, சனா போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த யூதர்கள் லட்சக்கணக்கில் வெளியேறியதையும் சொன்னார். இந்தக் கடைசி விஷயம் எனக்கு அதுவரை தெரியவே தெரியாது. தெரியாமல் இத்தனை நாள் எப்படிப் பேசினேன் என்று இருந்தது.

எனக்குப் பிடித்த பகுதி ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1948 நவம்பர் 30, எருசலேமில் ஆளில்லாத ஒரு வீடு. இஸ்ரேல் தரப்பில் மோஷே தயான், ஜோர்டான் தரப்பில் அப்துல்லா அல்-தல். 1:20,000 அளவுள்ள ஒரு வரைபடத்தை விரித்து, ஒருவர் பச்சை மெழுகுப் பென்சிலாலும் இன்னொருவர் சிவப்புப் பென்சிலாலும் தங்கள் படை நிற்கிற இடத்தைக் கோடு போட்டுக் காட்டினார்கள். மெழுகுப் பென்சில் கோடு மூன்று, நான்கு மில்லிமீட்டர் தடிமன். தரையில் அது 60 முதல் 80 மீட்டர். அந்தக் கோட்டுக்கு அடியில் வீடுகள் இருந்தன, தெருக்கள் இருந்தன. கோட்டின் தடிமன் யாருக்குச் சொந்தம் என்று அப்புறம் வருடக்கணக்கில் தகராறு. புலப்படத்தில் அரை மில்லிமீட்டர் தவறினால் இரண்டு குடும்பம் கோர்ட்டுக்குப் போவதைப் பார்த்தவன் நான், கேட்டுக்கொண்டிருந்தபோது உடம்பு சில்லிட்டது.

நான் எழுந்து எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள ஊரெல்லாம் கம்பெனிக்கு என்று பேச்சு. அப்படிப் போன ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். அந்த ஊர்க்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சார் அதைக் கரும்பலகையில் தயான் கோட்டுக்குப் பக்கத்திலேயே எழுதி, கீழே, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் முடிவுக்கு வாக்கெடுப்பு நடந்த கீழூரை எழுதினார். 1954 அக்டோபர் 18, மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்ததில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி முடிந்தது, வேண்டியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளவும் வழி இருந்தது.

"அப்போ அங்கேயும் இப்படிச் செய்யலாமே சார்?" என்று கல்லூரிப் பெண் ஒருத்தி கேட்டாள். எல்லோர் மனதிலும் இருந்த கேள்விதான். சார் தலையாட்டவில்லை. "பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பிப் போக பிரான்ஸ் இருந்துச்சும்மா. அங்க ரெண்டு பேருக்கும் போக வேற ஊர் இல்ல" என்றார். ஜோர்டான் ஆற்றுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவில் இன்று ஏறக்குறைய எழுபது லட்சம் யூதர், எழுபது லட்சம் பாலஸ்தீனியர். யாரும் யாரையும் அனுப்பிவைத்துவிட முடியாது. இந்த ஒரு பதில், அதற்குப் பிறகு நான் கேட்ட எல்லாவற்றையும் வேறு மாதிரிக் கேட்க வைத்தது.

மூன்றாவது வகுப்பு 1967. மழை கொட்டி ஒரு வாரம் தள்ளிப்போய் நடந்தது, பன்னிரண்டு பேர்தான் வந்திருந்தோம், வராதவர்கள் நல்ல வகுப்பைத் தவறவிட்டார்கள். ஜூன் 5 முதல் 10 வரை ஆறு நாள் போர், மேற்குக் கரை, கிழக்கு எருசலேம், காசா, சினாய், கோலான் எல்லாம் இஸ்ரேல் கைக்குப் போயின. நவம்பர் 22-ல் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 242-வது தீர்மானம். போர் மூலம் நிலத்தைச் சேர்த்துக்கொள்வது ஏற்கத்தக்கதல்ல என்று முகவுரை சொல்கிறது. சமீபத்திய மோதலில் ஆக்கிரமித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படை விலக வேண்டும், அந்தப் பகுதியில் உள்ள எல்லா நாடும் பாதுகாப்பான, அங்கீகரிக்கப்பட்ட எல்லைக்குள் நிம்மதியாக வாழ வேண்டும் என்று உள்ளே சொல்கிறது. எந்தப் பகுதிகளிலிருந்து? எல்லாவற்றிலிருந்துமா, சிலவற்றிலிருந்தா? ஆங்கில வாசகத்தில் 'தி' (the) என்ற ஒரு சொல் இல்லை. அதனால் எல்லாப் பகுதியும் என்று பொருள் இல்லை என்கிறது ஒரு தரப்பு.

எங்கள் குழுவில் சொல்தா குடும்பத்துப் பெரியவர் ஒருவர் உண்டு, அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எண்பது வயதுக்கு மேல். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர் கையைத் தூக்கினார். பிரெஞ்சு வாசகத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "தே தெரித்துவார் ஒக்குப்பே" என்று சத்தமாகப் படித்தார். "தம்பி, பிரெஞ்சுல இப்படி எழுதுனா அந்தப் பகுதிகள்ல இருந்துன்னுதான் படிப்போம். இதுல சிலதுங்கற அர்த்தத்துக்கு எடம் இல்ல" என்றார். ஐ.நா.வில் இரண்டு மொழியும் அதிகாரப்பூர்வம். அப்படியானால் எது செல்லும் என்று அரை மணி நேரம் பேசினோம். ஆங்கில வரைவை எழுதியவர்கள் வேண்டுமென்றேதான் அந்தச் சொல்லை விட்டார்கள், அது இருந்திருந்தால் தீர்மானமே நிறைவேறியிருக்காது என்பதையும் சார் சொன்னார். நம் தமிழில் அப்படி ஒரு சொல்லே கிடையாது, "பகுதிகளிலிருந்து" என்று எழுதினால் இரண்டுமாகவும் படிக்கலாம். எனக்கு இது மிகவும் உறுத்தியது. ஒரு பத்திரத்தில் நான் வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தெளிவில்லாமல் விட்டால், கையெழுத்து சீக்கிரம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் முப்பது வருடம் கோர்ட் படி ஏறுவார்கள்.

சரி, நான்காவது வகுப்புக்கு வருகிறேன். ஆஸ்லோ. 900 ரூபாயும் இந்த ஒரு வகுப்புக்கே தகும்.

1993 செப்டம்பர் 13, வெள்ளை மாளிகைப் புல்வெளி, இஸ்ரேல் பிரதமர் ராபினும் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தும் கைகுலுக்கிய படம் எல்லோரும் பார்த்ததுதான். நான் அதுவரை ஆஸ்லோ என்றால் சமாதான ஒப்பந்தம் என்று நினைத்திருந்தேன். வாசகத்தைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது, அது ஒரு ஒப்பந்தம் போடுவதற்கான ஒப்பந்தம். எங்கள் பாஷையில் கிரயப் பத்திரம் இல்லை, அட்வான்ஸ் அக்ரிமெண்ட். ஐந்து வருட இடைக்காலம், மூன்றாவது வருடத் தொடக்கத்துக்குள் இறுதிப் பேச்சு தொடங்க வேண்டும் என்று கெடு. அந்த இறுதிப் பேச்சுக்கு எதையெல்லாம் ஒத்திவைத்தார்கள் தெரியுமா? எருசலேம், அகதிகள், 1967-ல் பிடித்த நிலத்தில் இஸ்ரேலியர் கட்டிக் குடியேறிய குடியேற்றங்கள், பாதுகாப்பு, எல்லை. எல்லை! சொத்து விவரத்தில் செக்குபந்தி எழுதாத அக்ரிமெண்டை என் மேஜைக்குக் கொண்டுவந்தால் நான் தொடக்கூட மாட்டேன். இன்னார் மனைக்கு வடக்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு என்று நான்கு பக்கமும் எழுதாமல் எதை யாருக்கு எழுதிக் கொடுப்பது?

கையெழுத்துக்கு நான்கு நாள் முன்பு, செப்டம்பர் 9-ல் மாற்றிக்கொண்ட கடிதங்களையும் படித்தோம். பாலஸ்தீன விடுதலை இயக்கம் இஸ்ரேல் என்ற நாடு அமைதியாகவும் பாதுகாப்பாகவும் இருக்கும் உரிமையை ஏற்றது. இஸ்ரேல் பதிலுக்கு ஏற்றது அந்த இயக்கம் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதி என்பதை. ஒரு பக்கம் நாட்டை ஏற்கிறது, மறுபக்கம் பேச வந்த ஆளை ஏற்கிறது. 1995-ல் வந்த இரண்டாவது ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று பிரித்தது. முழு இஸ்ரேலியக் கட்டுப்பாட்டில் உள்ள சி மட்டும் ஏறக்குறைய 60 சதவீதம். பாலஸ்தீன நிர்வாகத்துக்கு விட்ட ஏ-யும் பி-யும் சேர்ந்து 160-க்கும் மேற்பட்ட தனித்தனித் தீவுகள். புதுச்சேரியும் துண்டு துண்டான பகுதிதானே என்று முதலில் தோன்றியது. ஆனால் பாகூரிலிருந்து நெட்டப்பாக்கம் போகிறவரை யாரும் நிறுத்தி, உனக்கு இந்த ரோட்டில் போக அனுமதி உண்டா என்று கேட்பதில்லை. அங்கே ஒரு கர்ப்பிணி ஆஸ்பத்திரிக்குப் போவதும், ஒருவர் தன் ஆலிவ் மரத்தில் காய் பறிக்கப் போவதும் அந்தக் கேள்விக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

அந்த 1995 ஒப்பந்தத்தில் ஒரு நல்ல வரியும் இருக்கிறது. இறுதிப் பேச்சு முடியும்வரை மேற்குக் கரை, காசாவின் நிலையை மாற்றுகிற எந்தக் காரியத்தையும் இரு தரப்பும் செய்யக் கூடாது என்று. கோர்ட்டில் ஸ்டேட்டஸ் கோ என்று உத்தரவு போடுவார்களே, அதே மாதிரி. ஆனால் குடியேற்றம் கட்டக் கூடாது என்று பெயர் சொல்லி எழுதவில்லை. 1993-ல் மேற்குக் கரையில், கிழக்கு எருசலேமைச் சேர்க்காமல், சுமார் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் குடியேறிகள். 2000-ல் ஏறக்குறைய இரண்டு லட்சம். இன்று ஐந்து லட்சத்துக்கும் மேல். வழக்கு நடக்கும்போதே ஒரு தரப்பு சுவர் எழுப்பி, மாடி கட்டி, அப்புறம் "இவ்வளவு பேர் குடியிருக்கிறார்களே, எப்படிக் காலி செய்வது" என்று கேட்பதை நான் கடலூரிலேயே எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

இதற்காக மறுபக்கத்தை சார் விட்டுவிடவில்லை. 1994 பிப்ரவரி 25-ல் ஹெப்ரான் மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு குடியேறி சுட்டுக் கொன்றான். ஏப்ரலிலிருந்து ஹமாஸின் தற்கொலைக் குண்டுகள் பஸ்களில் வெடித்தன. காலையில் பிள்ளையைப் பஸ் ஏற்றிவிட்ட ஒரு இஸ்ரேலியத் தாய்க்குச் சமாதானம் என்ற சொல்லே பயமாக மாறியது. 1995 நவம்பர் 4-ல் சமாதானக் கூட்டம் முடிந்து இறங்கி வந்த ராபினை ஒரு யூதத் தீவிரவாதியே சுட்டுக் கொன்றான். ஒத்திவைத்த ஒவ்வொரு நாளும் சமாதானம் வேண்டாதவர்களுக்குத்தான் கிடைத்த நாள் என்று சார் சொன்னார், அதை நான் நோட்டில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

நான் ஒரு ஒப்புமை சொல்லி மாட்டிக்கொண்டதையும் எழுத வேண்டும். இது பாகப்பிரிவினை மாதிரிதானே சார், அண்ணன் தம்பி இருவரையும் உட்கார வைத்து ஆளுக்குப் பாதி எழுதிவிட்டால் தீர்ந்தது என்றேன். "பாகப்பிரிவினையில ரெண்டு பேரும் ஒரே உயரத்து நாற்காலில உக்காருவாங்க. இங்க வாசல் சாவி, கரண்டு, தண்ணி, எல்லாம் ஒருத்தர் கையில. அவரு சம்மதிச்சாத்தான் இன்னொருத்தர் உள்ளேயே வர முடியும்" என்றார். இத்தனை வருடம் நான் எழுதிய பாகப்பிரிவினைகளில், ஒரு பங்காளி கையில் எல்லாம் இருந்து இன்னொருவர் வெறும் கையோடு வந்து கையெழுத்துப் போட்ட சில முகங்கள் அப்போது ஞாபகம் வந்தன. அந்தப் பத்திரங்களை நான் இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம்.

வசதி பற்றிச் சுருக்கமாக. மாடிப்படி செங்குத்து, முட்டி வலி உள்ளவர்களுக்குச் சிரமம், கைப்பிடியும் ஒரு பக்கம்தான். நாற்காலிகள் பிளாஸ்டிக், இரண்டரை மணி நேரத்துக்கு முதுகு தாங்காது. அச்சடித்த குறிப்புகள் அருமை, ஆனால் வரைபடங்கள் கறுப்பு வெள்ளை நகல், ஏ, பி, சி மூன்றும் ஒரே சாம்பல் நிறம். இந்த விஷயத்தில் வரைபடம்தான் பாதிப் பாடம், ஐம்பது ரூபாய் கூட வாங்கிக்கொண்டு கலரில் கொடுக்கலாம். இரண்டு தடவை கரண்டு போனது. டீ நன்றாக இருந்தது, இஞ்சி போட்டிருந்தார்கள்.

ஐந்தாவது வகுப்பு 2023 அக்டோபர் 7-ம் அதற்குப் பின்னும். பலகையின் நடுவில் கோடு போடாமல், ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். அன்று ஹமாஸ் தலைமையில் நடந்த தாக்குதலில் ஒரே நாளில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிணைக்கைதிகள். அதற்குப் பிறகு, 2025 அக்டோபர் 10-ல் போர்நிறுத்தம் வரும்வரை, இஸ்ரேலின் தாக்குதலில் காசாவில் கொல்லப்பட்டவர்கள், காசா சுகாதார அமைச்சகக் கணக்கில் 67,000-க்கும் மேல். முன்வரிசையில் இருந்த ஒருவர் இரண்டையும் ஒரே பலகையில் எழுதுவதே தப்பு என்று எழுந்து போய்விட்டார், திரும்பி வரவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. இரண்டு எண்ணும் ஒரே அளவு இல்லை என்பது பார்த்தாலே தெரிகிறது, அதை யாரும் மறைக்கவும் இல்லை. ஆனால் முதல் வரியை அழித்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனின் பயம் எனக்குப் புரியாது, இரண்டாவது வரியை அழித்துவிட்டால் நான் மனிதனே இல்லை.

அன்று விவியன் சில்வர் பற்றிச் சொன்னார்கள். காசா நோயாளிகளை இஸ்ரேலிய ஆஸ்பத்திரிகளுக்கு அழைத்துப் போக உதவியவர், சமாதானத்துக்காகப் பெண்களைத் திரட்டியவர், அக்டோபர் 7-ல் பேயேரி என்ற கிபுட்சில் (கூட்டுறவுக் கிராமம்) தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். ரமி எல்ஹனான், பாஸ்ஸாம் அராமின் என்ற இரண்டு அப்பாக்களைப் பற்றியும் சொன்னார்கள். ரமியின் மகள் ஸ்மதார் 1997-ல் எருசலேமில் தற்கொலைக் குண்டில் இறந்தாள். பாஸ்ஸாமின் மகள் அபீர், பத்து வயது, 2007-ல் பள்ளிக்கூடத்துக்கு வெளியே இஸ்ரேலிய எல்லைப் போலீஸ் சுட்ட ரப்பர் குண்டு பட்டு இறந்தாள். இரண்டு அப்பாக்களும் சேர்ந்து ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறார்கள், அவர்களைப் போல அறுநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒரு மன்றமாக இருக்கின்றன. எனக்கும் ஒரு மகள். அதற்கு மேல் அன்று என்னால் குறிப்பு எடுக்க முடியவில்லை.

இப்போது என் முக்கியமான குறை. அகதிகள், எருசலேம், நியாயம் என்றால் என்ன, இரண்டு நாடா, ஒரே நாடா, கூட்டமைப்பா, எல்லாவற்றையும் ஆறாவது வகுப்பு ஒன்றுக்குள் அடைத்துவிட்டார்கள். இரு தரப்பிலும் சிலர் அரசு சாராமல் சேர்ந்து எழுதிய 2003 ஜெனீவா சமாதான வரைவுக்குப் பத்து நிமிடம். 2008-ல் இஸ்ரேல் பிரதமர் ஓல்மர்ட் காட்டிய வரைபடத்தைப் பாலஸ்தீன அதிபர் அப்பாஸ் கையோடு எடுத்துப் போக முடியாமல் ஒரு தாளில் தானே வரைந்துகொண்ட கதைக்கு ஐந்து நிமிடம். ஆக்கிரமிப்பு சட்டவிரோதம், கூடிய சீக்கிரம் முடிவுக்கு வர வேண்டும் என்று 2024 ஜூலை 19-ல் சர்வதேச நீதிமன்றம் சொன்ன கருத்துக்கு ஒரு பக்கம். 2025 செப்டம்பரில் பிரிட்டனும் பிரான்சும் பாலஸ்தீனத்தை நாடாக அங்கீகரித்ததை அந்தச் சொல்தா பெரியவர்தான் ஞாபகப்படுத்தினார், இந்தியா அதை 1988-லேயே செய்துவிட்டது. 2025 நவம்பர் 17-ல் பாதுகாப்பு சபை நிறைவேற்றிய 2803-வது தீர்மானத்தைப் படித்தேன். பாலஸ்தீனத் தனிநாட்டுக்கு நம்பகமான ஒரு பாதைக்கான சூழல் அமையக்கூடும் என்கிற மாதிரிதான் அதிலும் எழுதியிருக்கிறது. அமையக்கூடும்! மறுபடியும் செக்குபந்தி இல்லை.

அந்த வகுப்பில்தான் கீழ்ப்புத்துப்பட்டு இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்த அக்கா பேசினார். யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கு, 1990-ல் ஊரோடு கிளம்பியவர், வீடு இருந்த நிலம் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அகதிகள் திரும்பும் உரிமைதான் பேச்சை முறிக்கிற இடம், ஐ.நா. நிவாரண அமைப்பின் பதிவில் மட்டும் 59 லட்சம் பேர் இருக்கிறார்கள், எல்லோரும் திரும்பி வந்தால் யூதப் பெரும்பான்மை போய்விடும் என்று இஸ்ரேல் அஞ்சுகிறது என்று சார் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா எழுந்தார்.

"நான் திரும்பிப் போவனோ இல்லையோ, அது பிறகு. எனக்கு அறுபத்தெட்டு வயசாச்சு, பேரப்பிள்ளையள் இஞ்சதான் படிக்கினம். போக மாட்டன் எண்டுதான் நினைக்கிறன். ஆனா அது உங்கட வீடு, உங்களுக்கு நடந்தது பிழை எண்டு ஒருத்தர் வந்து சொல்ல வேணும். சொன்னாப் பிறகு போறதோ இருக்கிறதோ நான் முடிவெடுக்கிறன்."

மாடியில் ஒரு சத்தம் இல்லை. சார் கொஞ்ச நேரம் கழித்து, ஜெனீவா வரைவு கிட்டத்தட்ட இதைத்தான் எழுதப் பார்த்தது என்றார். பாலஸ்தீன நாட்டுக்குப் போவது, நிலப் பரிமாற்றத்தில் கிடைக்கும் பகுதிக்குப் போவது, இப்போது இருக்கும் நாட்டிலேயே தங்குவது, மூன்றாவது நாட்டுக்குப் போவது, இஸ்ரேல் ஏற்கிற எண்ணிக்கைக்குள் இஸ்ரேலுக்கே திரும்புவது என்று ஐந்து வழி, எல்லோருக்கும் நஷ்ட ஈடு. எத்தனை பேர் திரும்புவது என்ற கணக்கு வேறு, நடந்தது தவறு என்று ஒப்புக்கொள்வது வேறு, இரண்டையும் ஒன்றாகக் கட்டியதால்தான் ஒவ்வொரு தடவையும் முடிச்சு இறுகுகிறது என்றார். இங்கிருந்துதான் பாடமே தொடங்குகிறது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மணி ஆறு இருபத்தைந்து. கீழே வீட்டுக்காரர்கள் விளக்கேற்றிவிட்டார்கள், மாடியைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது.

கருத்துத் தாளில் நான் எழுதியது இதுதான்: ஆறாவது வகுப்பை முதல் வகுப்பாக வையுங்கள். கஷ்டமான கேள்வியைக் கடைசிக்குத் தள்ளியதுதான் ஆஸ்லோவைக் கெடுத்தது என்று நான்காவது வாரம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதே கேள்விகளை நீங்களும் கடைசி ஒரு மணி நேரத்துக்குத் தள்ளிவிட்டீர்கள். அக்காவை முதல் நாளே பேச விடுங்கள். அதைக் கேட்டுவிட்டு 1947-க்குப் போனால் ஒவ்வொரு எண்ணும் வேறு மாதிரித் தெரியும். சார் தாளை அங்கேயே படித்தார், இரண்டு தடவை படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

யார் போகலாம்? வாட்ஸப்பில் இதற்காகச் சண்டை போட்டு உறவை இழந்தவர்கள் கட்டாயம் போக வேண்டும். தன் பக்கம்தான் சரி என்று நிரூபிக்க ஆதாரம் தேடிப் போகிறவர்களுக்கு அங்கே நேரம் வீண். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளையும் அனுப்பலாம், ஆனால் ஐந்தாவது வகுப்புக்கு மட்டும் பெரியவர் ஒருவர் கூடப் போங்கள். முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை எடுத்துப் போவது நல்லது. கடலூர் திரும்ப பஸ்ஸுக்குப் பிரச்சினை இல்லை.

அடுத்த குழு தை பிறந்ததும் தொடங்குகிறது, நானும் மறுபடி பெயர் கொடுத்திருக்கிறேன். மைத்துனரிடம் போன வாரம் நானாகவே போன் செய்து, வருகிறாயா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள் அவரே கூப்பிட்டு, அந்த 242 தீர்மானத்தை முதலில் தனக்குப் படிக்கக் கொடுக்கச் சொன்னார். ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் மூன்றையும் நகல் எடுத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.